அட்டை எண் பூஜ்ஜியம்: ஒரு பால் பேரேட்டை அணியாக மாற்றியதன் நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கத்து ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ். அலுவலகத் தாள்கள் மலையாளம். 1956 இல் கேரள மாநிலம் அமைந்தபோது எல்லைக்கு மேற்கே நின்றுவிட்ட இந்த ஊர்களில், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் மேல்நிலை முதலாண்டு படிக்கும் ஆறு பேருக்கு, சனி ஞாயிறுகளில், ஊர் நூலகத்தின் பின்னறையில் நான் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த ஆறு பேரும் அணி (array) என்பதை, அதாவது ஒரே பெயரின் கீழ்ப் பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் முறையை, கற்றுக்கொண்ட விதத்தையும், இடையில் நேர்ந்த பிழைகளையும், அவற்றுள் ஒரு பிழை எங்களிடம் பத்து நாள் ஒளிந்திருந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பாடப்புத்தகங்களில் அணிக்கு வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐந்து மதிப்பெண்களோடு முடிந்துவிடுகின்றன. ஐந்து எண்களை வைத்துக்கொண்டு அணியின் தேவையை யாருக்கும் உணர்த்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து எண்களை ஐந்து மாறிகளில் தனித்தனியே வைத்தாலும் வேலை நடந்துவிடும். ஆகவே, மாணவி ஒருத்தியின் பாட்டி பால் ஊற்றும் சொசைட்டியின் பேரேட்டையே பாடமாக எடுத்துக்கொண்டோம். 38 உறுப்பினர்கள், காலை மாலை என நாளுக்கு இரண்டு வேளை, 10 நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. ஒரு பட்டுவாடாவுக்குள் 38 பேருக்கு 20 வேளை வீதம் 760 கட்டங்கள் நிரம்ப வேண்டும். பேரேடு வழக்கம்போல நடக்கும், எங்கள் நிரல் அதன் பக்கத்தில் ஓடும், பத்தாம் நாள் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம் என்று செயலரிடம் பேசி இசைவு பெற்றோம். பணம் பேரேட்டின்படிதான் கொடுக்கப்பட்டது. இங்கே சொல்லப்போகும் பிழைகளால் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடவோ குறையவோ இல்லை.

பெயரில் ஒட்டிய எண்

அணியைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே முதல் நிரலை எழுதச் சொன்னேன். ஒரு வேளையில் 38 பேரும் ஊற்றிய பாலைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பயன்படுத்திய நிரல் மொழியான பைத்தான் 3 தமிழ் எழுத்தாலான மாறிப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், பால்1, பால்2 என்று தொடங்கி பால்38 வரை எழுதி முடித்தார்கள். கூட்டல் வரி மட்டுமே திரையில் நான்கு வரிகளுக்கு நீண்டது. வந்த விடையை, கேன்களில் நிறைந்த பாலின் அளவோடு ஒத்துப்பார்த்தபோது பொருந்தவில்லை. அரைமணி நேரம் விரல் வைத்துத் தேடிய பிறகே தெரிந்தது: கூட்டல் வரியில் பால்23 இல்லை, பால்32 இரண்டு முறை இருந்தது.

அதைத் தட்டச்சு செய்தவன் கவனக்குறைவான பையன் அல்லன். 38 பெயர்களைக் கையால் வரிசையாக எழுத வேண்டிய நிலையில் யாரை உட்கார வைத்தாலும் இப்படி ஒன்று நடக்கும். அன்று அவர்களில் ஒருத்தி கேட்ட கேள்விதான் என் பாடத்தின் நடுவிடத்தைத் தொட்டது.

“டீச்சர், எல்லாத்துக்கும் நம்பர் போட்டுத்தானுங்களே எழுதியிருக்கறோம்? அப்புறம் ஏனுங்க கம்ப்யூட்டர் தானா அடுத்த நம்பருக்குப் போக மாட்டேங்குது?”

பால்23 என்று எழுதும்போது அந்த 23 எண்ணாக இல்லை. ‘பா’ போல, ‘ல்’ போல, அது பெயரின் ஒரு துண்டு. பால்23 க்கு அடுத்தது பால்24 என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு அவை, பசு என்பதும் பருத்தி என்பதும் போல, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு பெயர்கள். அதையே பால்[23] என்று எழுதினால், கண்ணுக்கு ஒரு அடைப்புக்குறி கூடியதாக மட்டுமே தெரிந்தாலும், உள்ளே நடப்பது முழுக்க வேறு. அங்கே பெயர் பால் மட்டும்தான். 23 என்பது கணினி கூட்டவும் கழிக்கவும் கூடிய ஓர் எண். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக இன்னொரு மாறியை வைக்கலாம், அந்த மாறியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம், நான்கு வரிக் கூட்டலை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இரண்டு வரி மடக்காகச் சுருக்கலாம். உறுப்பினர்கள் 38 ஆக இருந்தாலும் 380 ஆக இருந்தாலும் அந்த இரண்டு வரியும் மாறுவதில்லை. எண்ணைப் பெயரிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அணி செய்யும் வேலை என்று அன்று கரும்பலகையில் எழுதிவைத்தேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பாடநூல் இதை அணி என்கிறது. எங்கள் பிள்ளைகள் மலையாளத்தில் கேட்டுப் பழகி ‘அறே’ என்கிறார்கள். தமிழ் இலக்கணத்தில் உவமை அணி உண்டு. கணக்குப் பாடத்தில் எண்களை நிரையும் நிரலுமாக அடுக்குவதும் அணிதான். ஒரே சொல் மூன்று பாடங்களில் வருவதால் முதல் வாரம் குழப்பமாகவே இருந்தது. அணிவகுப்பு என்ற சொல்லில் உள்ள பொருளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்: இடம் விட்டு இடம் மாறாமல் வரிசையாக நிற்பது. அதன் பிறகு அந்தச் சொல் தொல்லை தரவில்லை.

கேன் வரிசையும் பூஜ்ஜியமும்

அடுத்த தடை எல்லா ஊர்களிலும் எல்லா மாணவர்களுக்கும் வருவதுதான்: அணியில் முதல் உறுப்பின் சுட்டெண், அதாவது அடைப்புக்குறிக்குள் இடும் எண், ஏன் பூஜ்ஜியம்? இதை ‘அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடும் ஆசிரியர்கள் பலர். அப்படிக் கடந்தால் பின்னால் வரும் பிழைகளில் பாதி அங்கேயே விதைக்கப்படும் என்று நான் நம்புகிறேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளைச் சொசைட்டி வாசலுக்கு வரச் சொன்னேன். அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. தூக்குப் பாத்திரங்களும் சிறு கேன்களும்தான் நிற்கும். கேனை வைத்து இடம் பிடித்துவிட்டு, ஆட்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர், “எனக்கு முன்னால எத்தனை இருக்குது?” என்றுதான் கேட்பார். முதல் கேனுக்கு முன்னால் இருப்பவை எத்தனை? ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு முன்னால் ஒன்று. கடைசியாக உள்ள 38 ஆவது கேனுக்கு முன்னால் 37. அணியின் சுட்டெண் கேட்கும் கேள்வியும் இதுதான். அது ‘நீ எத்தனையாவது ஆள்’ என்று கேட்பதில்லை. ‘உனக்கு முன்னால் எத்தனை இடங்கள்’ என்று கேட்கிறது.

கணினிக்கு அந்தக் கேள்விதான் வசதி. சி பிளஸ் பிளஸ் என்ற இன்னொரு நிரல் மொழியில் தசம எண்களின் அணி ஒன்று நினைவகத்தில் 1000 என்ற முகவரியில் தொடங்குவதாகவும், ஒவ்வோர் எண்ணும் 8 பைட்டு இடம் எடுப்பதாகவும் கொள்வோம். சுட்டெண் 3 உள்ள உறுப்பு எங்கே இருக்கும்? அதற்கு முன்னால் மூன்று உறுப்புகள், மூவெட்டு 24, ஆக 1024. முதல் உறுப்புக்குச் சுட்டெண் பூஜ்ஜியம் என்றால் 1000 உடன் ஒன்றும் கூட்ட வேண்டாம், தொடக்க முகவரியே அதன் முகவரி. தேடிப் பார்த்து எடுப்பதில்லை, ஒரு பெருக்கல் ஒரு கூட்டலில் நேரே போய் எடுப்பது. பத்தாயிரம் உறுப்புகள் இருந்தாலும் அதே நேரம்தான் ஆகும்.

எல்லா மொழிகளும் பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை என்பதையும் சொன்னேன். 1957 இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் ஒன்றிலிருந்து எண்ணியது. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியது. சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் ஆகியவை சி யின் வழியில் போயின. எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்தில் தொடங்குவதே சீரானது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 இல் ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார். மனிதர்கள் எடுத்த முடிவு இது, மாற்றுக் கருத்துகளும் உண்டு என்று தெரிந்தவுடன் பிள்ளைகளின் முகத்தில் இருந்த பயம் குறைந்ததை நான் பார்த்தேன்.

இருந்தும் பிழை வந்தது. 1 முதல் 38 வரை என்ற எண்ணத்தில் மடக்கை ரேஞ்ச்(1, 38) என்று எழுதினார்கள். அது 1 இல் தொடங்கி 37 இல் நின்றுவிடும். ஆகவே, சுட்டெண் பூஜ்ஜியத்தில் இருந்த முதல் உறுப்பினரின் பால் கூட்டலில் சேரவே இல்லை. சரிசெய்வதாக நினைத்து ரேஞ்ச்(1, 39) என்று மாற்றியதும், சுட்டெண் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பைத்தான் நிரலை நிறுத்திவிட்டது. அதே நிரலைச் சி பிளஸ் பிளஸில் எழுதி, மடக்கைச் சுட்டெண் 0 முதல் 38 வரை ஓட்டிய இன்னொரு மாணவனுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்கவில்லை. அணிக்கு அடுத்து நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதையும் எடுத்துக் கூட்டியது. நூலகக் கணினியில் விடை சரியாக வந்தது. வீட்டு மடிக்கணினியில் வாயில் நுழையாத பெரிய எண்ணாக வந்தது. இத்தகைய நிரலுக்கு இன்ன விடைதான் வரும் என்று சி பிளஸ் பிளஸ் எந்த உறுதியும் தருவதில்லை. ‘ஒரு தடவை சரியாக வந்ததே’ என்பது சான்றாகாது என்று அவனுக்குப் புரிந்தது அன்றுதான்.

எல்லாரும் ஒரே பாலை ஊற்றிய நாள்

ஒரு வேளைக்கு ஒரு வரிசை போதும். பத்து நாளுக்கு, ஆளுக்கு ஒரு வரியாக, 38 வரிகளும் வரிக்கு 20 கட்டங்களும் வேண்டும். வேளையின் சுட்டெண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சிறு வாய்ப்பாடு போட்டோம்: நாளிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கு, மாலையானால் ஒன்றைக் கூட்டு. ஏழாம் நாள் மாலை என்றால் ஆறிரண்டு 12, அதனோடு 1, ஆக 13.

அத்தனை கட்டங்களையும் முதலில் பூஜ்ஜியத்தால் நிரப்ப, பிள்ளைகள் [[0] * 20] * 38 என்று எழுதினார்கள். பார்க்க அழகான வரி. முதல் உறுப்பினர் முதல் நாள் காலை ஊற்றிய 6 லிட்டரைப் பதிந்துவிட்டு அணியை அச்சிட்டபோது, 38 வரிகளிலும் முதல் கட்டத்தில் 6 இருந்தது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

காரணம் எளிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அந்த வரி 38 புதிய வரிசைகளை உண்டாக்குவதில்லை. ஒரே வரிசையை உண்டாக்கி, அதையே 38 இடங்களிலிருந்து சுட்டிக்காட்டுகிறது. ஒரே மாட்டைக் கட்டிவைத்து 38 வீட்டுக்காரர்களும் ‘எங்கள் மாடு’ என்று கைநீட்டுவது போல. எங்கிருந்து கறந்தாலும் அதே மடிதான். உள்ளே இருக்கும் [0] * 20 இல் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஏனென்றால் ஒரு கட்டத்தில் புதிய எண்ணை இடும்போது, அந்தக் கட்டம் வேறோர் எண்ணைச் சுட்டத் தொடங்குகிறதே தவிர, பழைய பூஜ்ஜியம் மாறுவதில்லை. மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு வரிசையை உண்டாக்கிச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இந்தப் பிழையை நான் முன்கூட்டியே சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை, அந்த 38 ஆறுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆறரை லிட்டர்

இத்தனையும் திருத்திய பிறகு, ஒரு முழுப் பட்டுவாடாக் காலத்துக்கு நிரலை ஓட்டினோம். பாலின் விலையைக் கொழுப்புச் சத்தும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளைக் குறிக்கும் எஸ்.என்.எஃப். அளவும் தீர்மானிக்கும் என்றாலும், முதல் சுற்றில் லிட்டர் மட்டுமே பதிந்தோம். காலையிலும் மாலையிலும் ஒரு மாணவர் அளவைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து உறுப்பினரின் அட்டை எண்ணையும் லிட்டரையும் தட்டச்சு செய்வார். சிலர் ஒரே வேளையில் இரண்டு பாத்திரங்களாகக் கொண்டுவருவதால், கட்டத்தில் ஏற்கெனவே உள்ளதோடு += குறியால் கூட்டிவைக்குமாறு எழுதியிருந்தோம். ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் கூட்டுத்தொகையைக் கேன்களின் அளவோடு ஒப்பிட்டோம். 20 வேளைகளிலும் ஒத்துப்போனது. பிள்ளைகள் வெற்றி பெற்றதாகவே நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினோராம் நாள், அட்டை எண் 38 ஐ உடைய பாட்டி, எங்கள் நிரல் அச்சிட்டு, பேத்தி கொடுத்த கணக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு பசு.

“நான் அம்பத்தேழரை லிட்டருதானுங்க டீச்சர் ஊத்தியிருக்கறேன். இதுல அறுபத்திநாலுன்னு இருக்குதாம், அம்முணி படிச்சுச் சொல்லுச்சு. அடுத்தவிய பாலு எனக்கெதுக்குங்க?”

அவர் சொன்னதற்குச் சான்று மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருந்தது. சுண்ணாம்பால் போட்ட கோடுகள்: மேலிருந்து கீழாகப் பத்து வரிகள், ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் காலை, வலப்பக்கம் மாலை. ஒரு லிட்டருக்கு நீளக் கோடு, அரை லிட்டருக்குக் குறுங்கோடு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் பத்துக்கு இரண்டு என்ற இரு பரிமாண அணி ஒன்றைச் சுவரில் வைத்திருந்தார். எந்தக் கோடு எந்த நாளுக்குரியது என்று எங்கும் எழுதவில்லை. இடமே அதைச் சொன்னது. பிள்ளைகள் ஆறு பேரும் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றார்கள்.

எங்கள் சீட்டையும் சுவரையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டோம். இரண்டு இடங்களில் வேறுபாடு. நான்காம் நாள் காலை சுவரில் 3, சீட்டில் 7.5. எட்டாம் நாள் மாலை சுவரில் வெறுமை, சீட்டில் 2. அன்று மாலை அவர் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தார், சொசைட்டிக்கு வரவே இல்லை. ஆக 4.5 உம் 2 உம் சேர்ந்து 6.5 லிட்டர், யாருடையதோ, கடைசி வரியில் ஏறியிருக்கிறது.

பதிவுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தபோது, அந்த இரண்டு வேளைகளிலும் அட்டை எண் 0 என்று ஒரு பதிவு இருந்தது. அட்டையை மறந்து வந்தவர்களின் பால் அது. ‘இப்போதைக்குப் பூஜ்ஜியம் போட்டு வை’ என்று பக்கத்திலிருந்தவர் சொல்ல, மாணவர் அப்படியே போட்டிருக்கிறார். அட்டை எண்கள் 1 இல் தொடங்குவதாலும் சுட்டெண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்குவதாலும், நிரலில் எல்லா இடங்களிலும் அட்டை எண்ணிலிருந்து 1 ஐக் கழித்தே வரியைப் பிடித்தோம். பூஜ்ஜியத்திலிருந்து 1 போனால் –1. பைத்தானில் –1 என்ற சுட்டெண் பிழை அன்று. அது கடைசி உறுப்பைக் குறிக்கும். வரிசையின் நீளம் தெரியாமலேயே கடைசி உறுப்பை எடுப்பதற்காக வேண்டுமென்றே வைத்திருக்கும் வசதி. அந்த வசதியே, யாருக்கும் ஓர் எச்சரிக்கையும் தராமல், ஊரார் பாலைப் பாட்டியின் பெயரில் சேர்த்துவிட்டது.

கூட்டுத்தொகை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நாங்கள் அதிகம் பேசினோம். பால் கேனுக்குள் வந்தது உண்மை; அணிக்குள் பதிந்ததும் உண்மை. தவறிய இடம் எந்த வரி என்பதில் மட்டும்தான். மொத்தத்தை எத்தனை முறை கூட்டினாலும் வரி மாறிப் போனது தெரியவராது. சொசைட்டியின் பேரேட்டில் இந்தத் தவறு ஏன் நேரவில்லை என்று பார்த்தோம். அந்த இரண்டு நாள்களிலும் எழுத்தர் ஓரத்தில் பென்சிலால் அட்டை இல்லாமல் வந்தவரின் பெயரையும் லிட்டரையும் குறித்துவைத்து, மறுநாள் உரியவர் பக்கத்தில் ஏற்றியிருந்தார். காகிதத்தில் ஓரம் என்று ஓர் இடம் உண்டு. நாங்கள் கட்டிய அணியில் ஓரம் இல்லை. வந்தது எதுவானாலும் 760 கட்டங்களுக்குள் ஒன்றில்தான் விழ வேண்டும் என்று கட்டியிருந்தோம்.

திருத்தம் இரண்டு பகுதியாக நடந்தது. முதலாவது, அட்டை எண் 1 க்குக் கீழோ 38 க்கு மேலோ இருந்தால் அணியைத் தொடவே கூடாது என்ற சோதனை. இதை எழுத இரண்டு வரி போதும். இரண்டாவது, அட்டை இல்லாதோர் என்று தனியாக ஒரு பட்டியல். பெயர், வேளை, லிட்டர் ஆகிய மூன்றும் அதில் சேரும். அந்தப் பட்டியல் காலியாகும்வரை நிரல் பட்டுவாடாச் சீட்டை அச்சிடாது. இந்தக் கடைசி விதியை நான் சொல்லவில்லை, பாட்டியின் பேத்தி சேர்த்தது.

இடம் வேறு, ஆள் வேறு

இந்த நிகழ்வுக்குப் பிறகு, நாங்கள் அதுவரை வைத்திருந்த ஒரு பழக்கத்தையே கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அட்டை எண்ணையும் அணியின் இடத்தையும் ஒன்றாகவே பாவித்து வந்தோம். சோதனைக்காக, மாட்டை விற்றுவிட்ட ஒருவரின் வரியை அணியிலிருந்து நீக்கிப் பார்த்தோம். அவர் 13 ஆம் அட்டைக்காரர் என்று கொண்டால், அவருக்குக் கீழே இருந்த 25 பேரும் ஓர் இடம் மேலேறிவிட்டார்கள். அடுத்த பதிவில் 14 ஆம் அட்டைக்காரரின் பால் 15 ஆம் அட்டைக்காரரின் கணக்கில் விழுந்தது. பேரேட்டு எழுத்தர் இதை என்றோ அறிந்தவர்: ஆள் போனால் குறுக்கே ஒரு கோடு போடுவார், எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்.

கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் சேர்க்கத் தொடங்கியதும் இதே தவறு வேறு முகத்தோடு வந்தது. பெயர்களுக்கு ஒன்று, லிட்டருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, எஸ்.என்.எஃப்புக்கு ஒன்று என நான்கு அணிகளை இணையாக வைத்திருந்தார்கள். ஒரே சுட்டெண்ணில் இருப்பவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்ற ஒப்பந்தம் எங்கள் தலைக்குள் மட்டுமே இருந்தது. கணினிக்கு அது தெரியாது. அதிகம் பால் ஊற்றியவர் யார் என்று பார்க்க ஆசைப்பட்டு ஒருவன் லிட்டர் அணியை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கினான். எண்கள் இடம் மாறின. பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆறு எருமைகள் வைத்திருப்பவரின் அளவு, முதல் அட்டைக்காரரான ஒரு மாட்டுக்காரரின் பெயருக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

இதற்குப் பிறகு, ஓர் ஆளின் விவரங்கள் அனைத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, அந்தப் பொட்டலங்களை அணியில் வைத்தோம். சி பிளஸ் பிளஸில் அது ஸ்ட்ரக்ட். பைத்தானில் பிள்ளைகள் அகராதி வகையைப் பயன்படுத்தினார்கள். அடுக்கினாலும் நீக்கினாலும் பொட்டலம் பிரிவதில்லை. அட்டை எண் பொட்டலத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், அவர் எந்த இடத்தில் நின்றாலும் அவர் அவர்தான். இணை அணிகளை முதலிலேயே தவிர்த்துவிட்டு நேராகப் பொட்டலத்துக்குப் போயிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும், ஆனால் பொட்டலம் எந்த நோய்க்கு மருந்து என்று தெரியாமலேயே அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இரண்டு சிறிய செய்திகள். அச்சுச் சீட்டில் இடம் போதவில்லை என்று, பெயர்களை முதல் பத்து எழுத்தோடு வெட்டிவிடும்படி ஒருத்தி எழுதினாள். பொன்னம்மாள் என்ற பெயரில் நாம் எண்ணினால் ஆறு எழுத்துகள்தான்; ஆயினும் சீட்டில் ‘பொன்னம்மாள’ என்று புள்ளி இல்லாமல் வந்தது. பைத்தான் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, யூனிகோடு குறிகளின் வரிசையாகவே பார்க்கிறது. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி உறுப்புகள். அந்தக் கணக்கில் பொன்னம்மாளுக்கு 11 உறுப்புகள், பதினோராவது புள்ளி. சரமும் ஓர் அணி போன்றதே என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மற்றொன்று சராசரி. பாட்டி ஊற்றிய 57.5 லிட்டரை 20 ஆல் வகுத்தால் வேளைக்கு 2.88, அவர் உண்மையில் ஊற்றிய 19 வேளைகளால் வகுத்தால் 3.03. வராத வேளைக்கும் பூஜ்ஜியம் என்று நிரப்பிவைத்திருந்ததால் நிரல் முதலாவதைக் காட்டியது. சுவரில் பாட்டி அந்தக் கட்டத்தைப் பூஜ்ஜியம் போடாமல் வெறுமையாக விட்டிருந்தார் அல்லவா, அதையே பின்பற்றினோம். தொடக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் பைத்தானின் வெறுமை மதிப்பான நன் (None) என்பதை வைத்து, பால் வந்தால் மட்டும் எண்ணாக மாற்றினோம். அதனால் += நேராக வேலை செய்யாமல் போய், முதல் பாத்திரமா இரண்டாம் பாத்திரமா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியிருந்தது; அது நியாயமான விலைதான்.

கடைசியாகச் சீட்டின் அமைப்பையும் மாற்றினோம். 20 எண்களும் ஒரே வரியில் நீளமாக வந்தபோது பாட்டியால் எதையும் அடையாளம் காண முடியவில்லை. உள்ளே அணி 20 கட்டங்களாகவே இருக்கட்டும், அச்சில் மட்டும் பத்து வரிகளாக, வரிக்கு இரண்டாக வரட்டும் என்று முடிவு செய்தோம். பழைய வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் போதும்: சுட்டெண்ணை இரண்டால் வகுத்து வரும் ஈவோடு ஒன்றைக் கூட்டினால் நாள், மீதி பூஜ்ஜியமானால் காலை, ஒன்றானால் மாலை. 13 ஐ வகுத்தால் ஈவு 6, மீதி 1; ஏழாம் நாள் மாலை.

திருத்திய நிரலில் அந்த முதல் பட்டுவாடாவின் பதிவுகளை மீண்டும் ஓட்டிப் புதிய சீட்டை அச்சிட்டு, மாணவி வீட்டுக்கு எடுத்துப்போனாள். நானும் கூடப் போயிருந்தேன். பாட்டி அதைச் சுவரின் சுண்ணாம்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்து, கட்டைவிரலை மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். எட்டாம் வரியின் வலப்பக்கம் இரண்டிலும் காலியாக இருந்தது.